யந்திரம் கண் விழிக்கும் நேரம்

வாரண்டிச் சீட்டில் போட்டிருந்த தேதி போன மாதத்தோடு முடிந்துவிட்டது. இந்த மாதம் லாப்டாப் கண் விழிக்க மாட்டேன் என்கிறது. பொத்தானை அழுத்துகிறோம், மறுபடியும் அழுத்துகிறோம், தட்டிக் கொடுக்கிறோம், வைகிறோம். கறுப்புத் திரையில் நம்முடைய முகம்தான் தெரிகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே உட்கார்ந்திருக்கும் பையன் மூடியைக்கூடக் கழற்றாமல், "போர்டு போயிடுச்சு சார். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்.

நாடியைத் தொட்டுப் பார்க்காமல் வைத்தியர் கையை விரித்தால் நாம் சும்மா இருப்போமா? "போர்டு போய்விட்டது" என்பது வியாதியின் பெயரே அல்ல. பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் எழுத்துத் தோன்றுவதற்கும் நடுவில் உள்ள சில வினாடிகளில் என்னென்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தால்தான், அவற்றில் எது நடக்கவில்லை என்று சொல்ல முடியும். அந்தச் சில வினாடிகளுக்குப் பின்னால் 75 வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. ராஜாக்களும் பட்டாபிஷேகங்களும் இல்லாத சரித்திரம்தான். ஆனாலும் சாமர்த்தியசாலிகளுக்கும் விஷமக்காரர்களுக்கும் அதில் பஞ்சம் இல்லை.

1946-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையார் 'எனியாக்' என்ற ராட்சத யந்திரத்தை உலகத்தாருக்குக் காட்டினார்கள். அதன் எடை 30 டன். பழைய ரேடியோப் பெட்டிகளில் செக்கச் சிவந்து எரியுமே, அந்த மாதிரி வால்வுகள் ஏறக்குறைய 18,000 அதற்குள் இருந்தன. ஒரு வால்வு அவிந்தாலும் கணக்குத் தவறிவிடும். அதைக் கட்டிய எக்கர்ட் என்ற இளைஞர் மிகவும் ஜாக்கிரதைக்காரர்; ஒவ்வொரு வால்வுக்கும் அது தாங்கக்கூடிய மின்சாரத்தைவிடக் குறைவாகவே கொடுத்து வேலை வாங்கினார். அப்படியும் வால்வுகள் போய்க்கொண்டுதான் இருந்தன. எப்போது போகின்றன என்று கவனித்ததில் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. யந்திரம் மும்முரமாக வேலை செய்யும்போது அவை அவ்வளவாகப் போகவில்லை. அணைத்துவிட்டு மறுபடி ஏற்றும்போதுதான் போயின! வீட்டில் பல்பு 'பட்'டென்று போவதும் சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில்தானே? குளிர்ந்து கிடக்கும் இழைக்குள் மின்சாரம் ஒரேயடியாகப் பாய்வதை அது தாங்குவதில்லை. எனவே எனியாக்கைக் கூடியவரையில் அணைக்காமலே வைத்திருப்பது என்று தீர்மானித்தார்கள். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி இரவு கடைசியாக அதற்கு ஓய்வு கொடுத்தார்கள்.

இது பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைய லாப்டாப்பும் உண்மையில் அணைவதில்லை. நாம் அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும்போது, உள்ளே ஒரு சின்னஞ்சிறு சில்லு மட்டும் காவல்காரனைப் போல் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறது. பொத்தான் அழுத்தப்படுகிறதா, சார்ஜர் செருகப்படுகிறதா என்று பார்ப்பது அதன் உத்தியோகம். சில சமயம் இந்தக் காவல்காரனுக்கே புத்தி பேதலித்துவிடுகிறது. பிறகு நாம் எத்தனை தடவை கதவைத் தட்டினாலும் உள்ளே சேதி போகாது. விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் முதலில் செய்யும் காரியத்தின் ரகசியம் இதுதான்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பாட்டரி கழற்றக்கூடியதானால் அதையும் கழற்றிவிட்டு, பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடிக்கிறார்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் மீதி மின்சாரமும் வடிந்துவிடுகிறது. காவல்காரன் மயங்கி விழுந்து, தெளிந்து எழுந்திருக்கிறான். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் பொத்தானை அழுத்தினால், இறந்ததாகக் கருதப்பட்ட எத்தனையோ யந்திரங்கள் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. அதற்கும் எழாவிட்டால், போர்டின்மேல் பழி போடுவதற்கு முன்னால் அதே ரகத்துச் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பார்க்க வேண்டும். தினமும் சுருட்டி மடக்கப்படும் கம்பிதானே முதலில் அறும்?

பாட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1991-இல் ஸோனி கம்பெனியார் லித்தியம் அயான் பாட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு அஸ்திவாரம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. லாப்டாப் இத்தனை இளைத்ததற்கு அவர்களே காரணம். ஆனால் கிழப் பருவத்தில் இந்தப் பாட்டரி வீங்கும். லாப்டாப்பின் அடிப்பாகமோ விசைப்பலகையோ உப்பியிருந்தால் அழுத்தவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம், சார்ஜரைச் செருகவும் வேண்டாம். அது வைத்தியம் பார்க்கும் கட்டம் அல்ல. தெரிந்தவரிடம் கொடுத்து அப்புறப்படுத்தும் கட்டம்.

மின்சாரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் பெரிய புதிர். கம்ப்யூட்டர் என்பது கட்டளைகளைப் படித்து அவற்றின்படி நடக்கும் யந்திரம். ஆனால் கட்டளையைப் படி என்று அதற்கு ஒரு கட்டளை வேண்டாமா? பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்த கதைதான்! ஆங்கிலத்தில் இதற்கு 'பூட்' என்று பெயர் வந்தது வேடிக்கையான காரணத்தால். தன் காலில் உள்ள ஜோட்டின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத்தானே ஆகாயத்தில் தூக்கிக்கொள்வது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அந்த ஜோட்டைத்தான் நாம் இன்று தினமும் உச்சரிக்கிறோம்.

புதிரை அழகாக விடுவித்தவர் டேவிட் வீலர் என்ற மாணவர். கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் என்ற பேராசிரியர் 'எட்ஸாக்' என்ற யந்திரத்தைக் கட்டினார். 1949 மே 6-ஆம் தேதி அது முதல் கணக்கைப் போட்டது. வீலருக்கு அப்போது வயது 22. யந்திரத்துக்கு எந்த அறிவும் இல்லாத நிலையில் அதற்கு ஊட்ட வேண்டிய பால பாடத்தை அவர் 31 கட்டளைகளில் அடக்கிவிட்டார். காகித நாடாவில் உள்ள துளைகளை எப்படிப் படிப்பது, படித்ததை எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது, எல்லாம் அந்த 31-க்குள். டெலிபோன் நிலையங்களில் 'கடகட'வென்று சுழன்று இணைப்புக் கொடுக்குமே சுவிட்சுகள், அவற்றில் இந்தக் கட்டளைகளைக் கம்பியாலேயே எழுதி வைத்தார்கள். தொடக்கப் பொத்தானை அழுத்தினால் சுவிட்சுகள் சுழலும். 31 கட்டளைகளும் யந்திரத்தின் ஞாபகத்தில் போய் உட்காரும். பிறகு யந்திரம் தானே நாடாவைப் படிக்க ஆரம்பிக்கும். நம் லாப்டாப் கண் விழிக்கும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கட்டளைகள்தான் பெருகிவிட்டன.

எட்ஸாக் கட்டப்பட்ட காலத்தில், தம்முடைய மிச்ச ஆயுளில் பெரும்பகுதி தாம் எழுதும் கட்டளைகளில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது ஒரு நாள் தமக்குத் திடீரென்று உறைத்ததாகப் பேராசிரியர் வில்க்ஸ் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நாவல் எழுதுகிறவர்களுக்கு அந்த உணர்ச்சி புதிதல்ல.

எல்லாரும் வீலரைப் போல் தயை காட்டவில்லை. 1975 ஜனவரியில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் அட்டையில் 'ஆல்ட்டேர்' என்ற சிறிய கம்ப்யூட்டர் தோன்றியது. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும்தான். விழித்தெழுந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. முதல் கட்டளைகளை மனிதனே சுவிட்சுகளைத் தட்டித் தட்டி உள்ளே போட வேண்டும். மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து! அந்த வருஷம் பால் ஆலன் என்ற இளைஞர், தாமும் தம் நண்பர் பில் கேட்ஸும் எழுதிய நிரலை ஒரு காகித நாடாவில் எடுத்துக்கொண்டு ஆல்புகர்க்கி நகருக்கு விமானம் ஏறினார். விமானம் இறங்கும் சமயத்தில்தான் ஞாபகம் வந்தது, நாடாவைப் படிக்கச் சொல்லும் முதல் கட்டளைகளை எழுதவே இல்லை என்று! ஆகாயத்தில் உட்கார்ந்தபடியே அவற்றைக் காகிதத்தில் கிறுக்கி முடித்தார். மறு நாள் அவற்றைச் சுவிட்சு சுவிட்சாகத் தட்டி உள்ளே ஏற்றினார். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்டார். நான்கு என்று பதில் வந்தது. மைக்ரோஸாப்ட் என்ற சாம்ராஜ்யத்தின் முதல் அத்தியாயம் அந்தக் கிறுக்கலில் தொங்கிக்கொண்டிருந்தது.

1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஐ.பி.எம். கம்பெனியார் தங்களுடைய சொந்தக் கம்ப்யூட்டரை வெளியிட்டார்கள். அதில் முதல் கட்டளைகள் 'பயாஸ்' என்ற பெயரில் அழியாத சில்லில் பதிந்து வந்தன. கூடவே ஒரு நல்ல பழக்கமும் வந்தது. விழித்தவுடன் யந்திரம் தன் அங்கங்களைத் தானே தடவிப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் சரியாயிருந்தால் 'பீப்' என்று ஒரு தடவை குரல் கொடுக்கும். ஏதாவது ஓர் அங்கம் பதில் சொல்லாவிட்டால், திரையில் எழுதத் திரையே வேலை செய்யாமல் போகலாம் அல்லவா? ஆகவே பல தடவை பீப், நீண்ட பீப், குட்டைப் பீப் என்று தந்தி பாஷையில் தன் வியாதியைத் தானே சொல்லும். பிற்பாடு வந்த கம்பெனிகள் ஆளுக்கொரு பாஷையை ஏற்படுத்திக்கொண்டன. இன்றைய லாப்டாப்புகள் பலவற்றில் குரலே இல்லை. சார்ஜர் விளக்கோ, 'கேப்ஸ் லாக்' விளக்கோ இத்தனை தடவை கண் சிமிட்டும். அது வெறும் சிமிட்டல் அல்ல, வாக்குமூலம். அந்த மாடலுக்குரிய கைப்புத்தகத்தில் அர்த்தம் போட்டிருக்கும். எத்தனை சிமிட்டல் என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போகிறவரைப் பையனால் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

ஐ.பி.எம். செய்த இன்னொரு காரியத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். அந்த யந்திரத்தின் முழு வரைபடத்தையும், பயாஸின் ஒவ்வொரு கட்டளையையும் புத்தகமாக அச்சிட்டு விற்றார்கள்! வாங்கியவன் தன் யந்திரத்தின் அந்தரங்கம் முழுவதையும் தெரிந்துகொள்ளலாம். பார்த்து அப்படியே எழுதத்தான் கூடாது. ஆப்பிள் கம்பெனியாரும் அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே 'ஆப்பிள் 2' யந்திரத்துக்கு அப்படி ஒரு கைப்புத்தகம் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்து விற்பனைக்காரர்கள் வாங்குகிறவனை நம்பினார்கள் என்று நான் சொன்னால், அவர்களைப் பற்றி மிகையாகச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

இதே 1981-இல் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நடக்க வைத்த மனிதரின் கதை நமக்கு மிகவும் கிட்டத்தில் தொடங்குகிறது. ஆடம் ஆஸ்போர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தார். தகப்பனார் ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் பக்தர். யுத்தத்தில் தகப்பனார் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருக்க, தாயாரோடும் சகோதரிகளோடும் சிறுவன் ஆடம் திருவண்ணாமலையில் வளர்ந்தான். 11 வயதுக்குப் பிறகு இங்கிலாந்து, பிற்பாடு அமெரிக்கா, ரசாயன இன்ஜினீயர் வேலை, அதை விட்டுக் கம்ப்யூட்டர் புத்தகங்கள் எழுதி வெளியிடும் தொழில். 1981 ஏப்ரலில் அவர் சான் பிரான்ஸிஸ்கோ கண்காட்சியில் வைத்த 'ஆஸ்போர்ன் 1' தையல் மெஷின் பெட்டியைப் போல் இருந்தது. சுமார் 11 கிலோ எடை, 5 அங்குலத் திரை, விலை 1,795 டாலர். உள்ளே பாட்டரி கிடையாது. சுவரில் செருகினால்தான் உயிர். ஆனால் விமான ஆசனத்துக்கு அடியில் நுழைந்துவிடும். ஜனங்கள் ஓடி ஓடி வாங்கினார்கள். இதைவிட உயர்ந்த யந்திரம் வரப்போகிறது என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டதால் இருந்த யந்திரத்தை வாங்க ஆள் இல்லாமல் போயிற்று என்பார்கள். 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். பல வருஷ நோய்க்குப் பிறகு 2003 மார்ச்சில் அவர் உயிர் நீத்தது கோடைக்கானலில். இன்று நாம் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகும் லாப்டாப்பின் வம்சாவளியில் அவருக்கு ஒரு பாட்டனார் ஸ்தானம் உண்டு. கம்பெனி திவாலானால் அதன் யந்திரங்களின் வாரண்டியும் அதோடு போயிற்று என்பதையும் அவருடைய வாடிக்கைக்காரர்களே முதலில் அனுபவித்திருப்பார்கள்.

யந்திரம் பீப் அடித்து, ஞாபகச் சில்லைக் குற்றம் சொன்னால் என்ன செய்வது? 'ஆப்பிள் 3' என்று 1980-இல் ஒரு யந்திரம் வந்தது. விசிறிச் சத்தம் கூடாது என்று அதன் முதலாளி ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதம் பிடித்ததால், அதில் விசிறியே வைக்கவில்லை. சூட்டில் சில்லுகள் தங்கள் குழிகளிலிருந்து மெல்ல எழும்பின. கம்பெனியாரே சொன்ன சிகிச்சை என்ன தெரியுமா? யந்திரத்தை மேஜையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கித் 'தொப்'பென்று போடுங்கள் என்பதுதான்! லாப்டாப்பில் இந்த வைத்தியத்தைப் பரீட்சிக்க வேண்டாம். ஆனால் அதன் சாதுவான வாரிசு இன்றும் பலிக்கிறது. ஞாபகச் சில்லுப் பட்டை கழற்றக்கூடியதாக இருந்தால், பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு மறுபடி அழுத்திச் செருகுவது. இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. ரிட்சி தெருவில் சாஸ்திரம் படிக்காத கைகள் தினந்தோறும் செய்யும் சிகிச்சை இது.

சில லாப்டாப்புகளில் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டப் பாட்டரியும் உண்டு. தேதியையும் அமைப்புகளையும் அது நினைவில் வைத்திருக்கும். விழித்த யந்திரம் பல வருஷம் பின்னே போய்ப் பழைய தேதி காட்டினால், அந்த வட்டப் பாட்டரி தீர்ந்தது என்று பொருள். காய்கறி வாங்கும் காசுக்குள் தீர்ந்துபோகிற வியாதி.

முதல் கட்டளைகளே அழிந்துபோவதும் உண்டு. எட்ஸாக்கில் அவை கம்பியாக இருந்தன, ஐ.பி.எம்.மில் மாற்ற முடியாத சில்லாக இருந்தன. 1990-களில் வசதிக்காக, திருத்தி எழுதக்கூடிய சில்லுக்குக் கொண்டுபோனார்கள். எழுத முடிந்தால் அழிக்கவும் முடியுமே! தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் 1998-இல் ஒரு வைரஸ் எழுதினார். 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி அது உலகமெங்கும் தலைவிரித்து ஆடியது. பல யந்திரங்களில் அது பயாஸையே கிறுக்கித் தள்ளிவிட்டது. மின்சாரம் உண்டு, சில்லுகள் உண்டு, விசிறி சுழல்கிறது. ஆனால் பால பாடம் மறந்துபோயிற்று. பயாஸைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுபோன லாப்டாப்புக்கும் இதே கதிதான். நல்ல மெக்கானிக் அந்தச் சில்லில் மறுபடி எழுதி உயிர் கொடுப்பான். அதையும் கடையில் "போர்டு போயிடுச்சு" என்றே சொல்வார்கள்.

உண்மையில் போர்டே போகிற கேஸ்களும் இல்லாமல் இல்லை. 2008 ஜூலையில் என்விடியா கம்பெனியார், லாப்டாப்புகளுக்காகத் தாங்கள் விற்ற சித்திரச் சில்லுகள் சிலவற்றின் கட்டுமானம் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். அந்தச் சமயத்தில் போர்டை ரொட்டி சுடும் அடுப்பில் வைத்து எடுத்தவர்கள் பலர். சூட்டில் விட்டுப்போன இணைப்பு ஒட்டிக்கொள்ளும். சில நாள் ஓடும். பிறகு பழையபடி மூர்ச்சை. சமையல் அடுப்பில் விஷப் புகை கிளம்பியதுதான் மிச்சம்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. லாப்டாப் போனால் இன்னொன்று வாங்கலாம். உள்ளே இருக்கும் கல்யாணப் போட்டோக்களையும், கணக்கு வழக்கையும், என்னைப் போன்றவர்கள் பாதியில் நிறுத்தியிருக்கும் நாவலையும் எந்தக் கடையில் வாங்குவது? பழைய லாப்டாப்புகளில் உடல் போனாலும் தட்டு தனியாகப் பிழைத்திருந்தது. நான்கு திருகாணியைக் கழற்றி அதை எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லாம் கிடைத்துவிடும். 2012-இல் ஆப்பிளின் உயர்ரக லாப்டாப் ஒன்றில் ஞாபகச் சில்லைப் போர்டிலேயே பற்றவைத்தார்கள். பாட்டரியைக் கோந்து போட்டு ஒட்டினார்கள். பிறகு சேமிப்புச் சில்லும் போர்டோடு ஒட்டிக்கொண்டது. மற்றக் கம்பெனிகளும் அந்த வழியில் இறங்கின. போதாக்குறைக்கு உள்ளே உள்ளதெல்லாம் ரகசிய எழுத்தில் பூட்டப்பட்டும் இருக்கிறது. திருடனுக்கு எதிரான பூட்டு என்பது வாஸ்தவம். பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்கும் சொந்தக்காரனையும் அது திருடனோடு சேர்த்தே வெளியில் நிறுத்துகிறது. மீட்புச் சாவி என்று ஒரு நீண்ட எண்ணை யந்திரம் ஆரோக்கியமாக இருக்கும்போதே கொடுத்திருக்கும். அதைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைத்தவர் எத்தனை பேர்?

எல்லாக் கம்பெனிகளையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயம் அல்ல. பெரிய கம்பெனிகள் சில, எந்தத் திருகாணி எங்கே என்று படம் போட்ட பழுதுபார்க்கும் கைப்புத்தகங்களை இன்றும் இனாமாகக் கொடுக்கின்றன. அநேகமாக யாரும் படிப்பதில்லை. 2021-இல் பிரேம்வொர்க் என்ற புதிய கம்பெனி, வாங்கியவரே திறந்து ஒவ்வோர் அங்கமாக மாற்றிக்கொள்ளும்படி லாப்டாப் செய்து விற்க ஆரம்பித்தது. 2022 டிசம்பரில் நம் மத்திய சர்க்காரும் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைத்தளம் தொடங்கியது.

எட்ஸாக்கை 1958-இல் நிறுத்திப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். 2011-இல் இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள கம்ப்யூட்டர் பொருட்காட்சி சாலைக்காக அதை மறுபடி கட்டப் புறப்பட்ட கிழ இன்ஜினீயர்களுக்கு முழு வரைபடம் கிடைக்கவில்லை. பழைய போட்டோக்களைப் பார்த்து, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஊகித்துக்கொண்டே கட்டினார்கள். 2014-இல் 19 வரைபடங்கள் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. கேம்பிரிட்ஜில் 1959-இல் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், குப்பையில் போடுவதற்காக நடைவழியில் குவித்து வைத்திருந்த சாமான்களுக்கு நடுவே ஒரு காகிதச் சுருளைக் கண்டு வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அது அவரிடமே பத்திரமாக இருந்தது.